சுனாமிக்கு முன்பே நடுங்கிய வானம்: பெரிய நிலநடுக்கம் வந்தால் 300 கி.மீ. உயரத்தில் என்ன நடக்கிறது?

2004 டிசம்பர் 26. மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை மணி 6.28. காஞ்சிபுரத்தில் அப்போதுதான் பொழுது விடிகிறது. வாசல்களில் கோலம், கோயில்களில் மார்கழிக் கூட்டம். தறிச் சத்தம் இன்னும் ஆரம்பிக்காத நேரம்.

அதே நிமிடத்தில், அங்கிருந்து சுமார் 2,000 கி.மீ. தொலைவில், இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் நிலம் பிளக்கத் தொடங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. பிளவு ஒரே இடத்தில் நிற்கவில்லை. பையின் ஜிப்பைத் திறப்பதுபோல வடக்கு நோக்கி அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. ஓடி முடிக்க 8 முதல் 10 நிமிடங்கள் ஆயின.

சுனாமி தமிழகக் கரையைத் தொட்டபோது மணி கிட்டத்தட்ட காலை 9. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் இன்றுபோல் இல்லை, கடல் வரை நீண்டிருந்தது. மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் அதில்தான் இருந்தன. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். அந்தக் கரையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் சுமார் 8,000 பேர்.

நிலம் ஆடியதற்கும் கடல் வந்ததற்கும் நடுவே இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் யாரும் எச்சரிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம் வேறொன்று. சுனாமி கரைக்கு வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே வங்கக் கடலின் மேலே வானம் நடுங்கியது. அந்த நடுக்கம் இந்தியாவின் கிழக்குக் கரையில் இருந்த கருவிகளில் பதிவாகவும் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் அதைப் படித்துப் பார்க்க யாரும் இல்லை.

பூமி ஆடினால் வானம் எப்படி ஆடும்?

இதற்குக் காற்றை ஒரு அடுக்குமாடிக் கட்டடம்போல நினைத்துக்கொள்ள வேண்டும். நாம் இருப்பது தரைத்தளம். இங்கே காற்று மிக அடர்த்தி. மேலே போகப் போக அது மெலிந்துகொண்டே போகும். சுமார் 80 கி.மீ.க்கு மேலே காற்று மெல்லியதாக இருப்பது மட்டுமல்ல, அதன் தன்மையே மாறிவிடுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அணுக்களைத் தாக்கி அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து எடுத்துவிடுகின்றன. மின்னூட்டம் பெற்ற இந்த மேல்மாடிக்குத்தான் அயனி மண்டலம் என்று பெயர். எலெக்ட்ரான்கள் மிக நெருக்கமாக இருப்பது சுமார் 300 கி.மீ. உயரத்தில்.

கடலடியில் நிலம் சில மீட்டர் உயரும்போது அதன் மேலுள்ள கடல்நீரும் மொத்தமாக உயர்கிறது. பல நூறு கி.மீ. அகலமான நீர்ப்பரப்பு ஒரே நேரத்தில் மேலெழுந்தால், அதற்கு மேலே இருக்கும் காற்றுக்கு ஒரு தள்ளு விழும். மேளத்தின் தோலை அடித்தால் நடப்பதும் இதுதான். அந்தத் தள்ளு ஒலியலையாக மேலே கிளம்புகிறது.

ஆனால் இது காதில் விழும் ஒலி அல்ல. மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வுகளுக்குக் கீழே கேட்காது. நிலநடுக்கம் அனுப்பும் அலை ஒருமுறை ஏறி இறங்கவே 3, 4 நிமிடங்கள் ஆகும். கோயில் மணியை ஒருமுறை அடித்து, அதன் ஒரே ஒரு அதிர்வு முடிய நான்கு நிமிடம் காத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தடித்த குரல். வேகமான அதிர்வுகளை மேல்காற்று உறிஞ்சிவிடும். இப்படி மெதுவானவை மட்டும்தான் உயரம் வரை தப்பித்துப் போகின்றன.

போகிற வழியில்தான் ஆச்சரியம். அலை பலவீனமாக ஆவதற்குப் பதில் பெரிதாகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குக் காலையில் கிளம்பும் பஸ்ஸை யோசியுங்கள். படிக்கட்டு வரை கூட்டம். பின்னால் ஒருவர் தள்ளினால் முன்னால் நிற்பவர் ஒரு அங்குலம் நகர்வார், அவ்வளவுதான். அதே தள்ளு, காலியான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும் ஒருவர் மேல் விழுந்தால்? டிரைவர் சீட் வரை போய் விழுவார். தள்ளிய பலம் ஒன்றுதான், தள்ளப்பட வேண்டிய கூட்டம்தான் குறைந்துவிட்டது. மெலிந்த மேல்காற்றில் நடப்பதும் இதுதான். அலை கொண்டுபோகும் ஆற்றல் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அசைக்க வேண்டிய காற்றோ மிகக் குறைவு. அதனால் தரையில் கிளம்பிய அசைவு 300 கி.மீ. உயரத்துக்குப் போகும்போது பல்லாயிரம் மடங்கு பெருகிவிடுகிறது. கீழே மில்லிமீட்டரில் இருந்தது மேலே பத்துக் கணக்கான மீட்டராகும்.

தரையிலிருந்து அந்த உயரத்தை எட்ட ஒலிக்கு 8 முதல் 10 நிமிடம் பிடிக்கும். அங்கே போனதும் அதன் வேகமும் கூடுகிறது. தரையில் நொடிக்கு 340 மீட்டர் ஓடும் ஒலி, அயனி மண்டலத்தின் கொதிக்கும் மெல்லிய காற்றில் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கி.மீ. வரை ஓடும். ஆழ்கடலில் சுனாமியின் வேகம் நொடிக்குச் சுமார் 200 மீட்டர். அப்படியென்றால் வானத்தில் போகும் அலை கடலில் வருவதைவிட ஐந்து மடங்கு வேகம்.

ஜிபிஎஸ்-ஸின் தவறுதான் இங்கே தகவல்

சரி, 300 கி.மீ. உயரத்தில் நடப்பது கீழே எப்படித் தெரியும்? வெப்பமானியைக் கட்டி அனுப்பவா முடியும்?

பதில் உங்கள் கையில் இருக்கும் போனில் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடந்துதான் கீழே வர வேண்டும். வழியில் எலெக்ட்ரான்கள் அதிகமானால் சிக்னல் கொஞ்சம் தாமதமாகும். இருப்பிடம் கண்டுபிடிக்க நினைப்பவருக்கு இந்தத் தாமதம் ஒரு தொல்லை. வானத்தைப் படிக்க நினைப்பவருக்கோ அதுதான் தரவு.

செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் அனுப்பும். அயனி மண்டலம் இரண்டையும் ஒரே அளவில் தாமதப்படுத்தாது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்தால், வழியில் எத்தனை எலெக்ட்ரான்கள் இருந்தன என்று கணக்குப் போட்டுவிடலாம். இதற்கென்று ஒரு அலகு இருக்கிறது, பெயர் டிஇசி யூனிட். ஒரு யூனிட் கூடினால் ஜிபிஎஸ் அளக்கும் தூரத்தில் சுமார் 16 செ.மீ. தவறு விழும்.

அதனால் நிலநடுக்கம் வந்தால் கூகுள் மேப்ஸ் தப்பான தெருவுக்குக் கூட்டிப்போகுமோ என்ற கவலை வேண்டாம். சாதாரண நாளிலேயே போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்பின் இருக்கும். இந்தச் சென்டிமீட்டர்கள் அதில் கரைந்துவிடும். பார்க்க வேண்டுமென்றால் நிலையாக நட்டுவைத்த, துல்லியமான கருவி தேவை.

2004-ல் இந்தியாவில் அப்படிக் கருவிகள் இருந்தன. நிலநடுக்கத்துக்காக வைத்தவை அல்ல. விமானங்களுக்கு ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டித் தரும் ககன் திட்டத்துக்காக, இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நாட்டின் வானத்தை அளக்க நிறுவியவை. சுமத்ரா நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கிழக்குக் கரைக்கு அருகில் இருந்த பல நிலையங்களில், நிலநடுக்கம் தொடங்கி சுமார் 45 நிமிடங்களுக்குள், ஒன்றரை முதல் இரண்டு யூனிட் அளவுக்கு எலெக்ட்ரான் கணக்கு ஏறி இறங்கியிருந்தது. கடிகாரத்தில் சொன்னால் காலை 7.15-க்குள். மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேரத் தொடங்கும் நேரம்.

ஒரு நுணுக்கம் உண்டு. கரையில் இருக்கும் கருவி தன் தலைக்கு நேர் மேலே இருக்கும் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கிழக்கே தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் சாய்ந்து வருகிறது. அது அயனி மண்டலத்தைக் கடக்கும் இடம் கரையிலிருந்து பல நூறு கி.மீ. தள்ளி, நடுக்கடலுக்கு மேலே இருக்கும். கடலில் மிதவை போடாமலேயே, கரையில் உட்கார்ந்தபடி கடலுக்கு மேலே நடப்பதைப் பார்க்க முடிகிறது. இந்த விஷயத்தின் உண்மையான பலமே இதுதான்.

அன்று வானத்தில் பதிந்தது இது மட்டுமல்ல. இந்தியப் பெருங்கடலின் நடுவே டியேகோ கார்சியா தீவில் இருந்த கருவிகள் காதுக்குக் கேட்காத அந்தத் தாழ்ஒலியைப் பிடித்தன. தாய்லாந்தின் பிமாய் என்ற இடத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி, 3.6 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் ஒரு மெல்லிய அலையைக் காட்டியது. நிலம், காற்று, மின்னூட்டம், காந்தம் என்று ஒரு அதிர்வு நான்கு வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

அலாஸ்காவில் ஆரம்பித்த கதை

இது 2004-ல் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் 9.2 அளவில் நிலநடுக்கம் வந்தபோதே, வானொலி அலைகளை அயனி மண்டலத்தில் மோதவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் கருவிகளில் விநோதமான அசைவுகளைக் கவனித்தார்கள். அடுத்த ஆண்டே ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 1994-ல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் முதன்முறையாக ஜிபிஎஸ் மூலம் இதைப் பார்த்தார்கள்.

படமாகவே தெரிந்தது 2011 மார்ச் 11 அன்று. ஜப்பானில் நாடு முழுக்க சுமார் 1,200 ஜிபிஎஸ் நிலையங்கள் உண்டு. டோஹோகு நிலநடுக்கத்துக்குப் பிறகு அத்தனை நிலையங்களின் தரவையும் ஒன்றாக அடுக்கியபோது, குளத்தில் கல் எறிந்தால் வரும் வளையங்கள் போலவே, வானத்தில் வட்ட வட்டமாக அலைகள் விரிவது தெரிந்தது. அதே நாளில், சுமார் 270 கி.மீ. உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஐரோப்பிய விண்வெளி முகமையின் கோசே செயற்கைக்கோள் அந்த அலைக்குள் நுழைந்து குலுங்கியது. நிலநடுக்கத்தை விண்வெளியில் உணர்ந்த செயற்கைக்கோள்!

2015-ல் நேபாள நிலநடுக்கத்தின்போதும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் தரவில் இந்த அசைவுகளைக் கண்டு ஆராய்ந்தார்கள். அந்த நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் பூமியின் காந்த நடுக்கோடு கடந்துபோவதால், வானத்தை ஆராய்பவர்களுக்கு நம் ஊர் ஒரு முக்கியமான இடம்.

சுனாமியும் தனியாக ஒரு கையெழுத்துப் போடும்

நிலம் உயர்ந்ததும் கிளம்பும் ஒலியலை முதல் கட்டம். இரண்டாவதாக, சுனாமி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதுவும் வானத்தை அசைக்கிறது.

ஆழ்கடலில் சுனாமியின் உயரம் பயமுறுத்துவதாக இருக்காது. 2004-ல் நிலநடுக்கம் வந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1, டோபெக்ஸ் செயற்கைக்கோள்கள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. அவை அளந்த அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. நடுக்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அந்த அலையின் அகலம் பல நூறு கி.மீ. அவ்வளவு பெரிய பரப்பு மெதுவாக ஏறி இறங்கினால், மேலே உள்ள காற்றும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏறிய காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுக்கும், இறங்கிய காற்றை மிதப்பு விசை மேலே தள்ளும். இப்படி ஆடும் அலைக்குப் புவியீர்ப்பு அலை என்று பெயர். (கருந்துளைகள் மோதும்போது வரும், லைகோ கருவி கண்டுபிடித்த ஈர்ப்பலைகள் வேறு. பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.)

இது ஒலியைவிடச் சோம்பேறி. அயனி மண்டலத்தை எட்ட முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆனால் ஏறியபின் கீழே சுனாமி போகும் திசையில், அதே வேகத்தில் கூடவே போகும். சுனாமியின் நிழல் தலைகீழாக வானத்தில் விழுந்ததுபோல. அதே ஜேசன், டோபெக்ஸ் செயற்கைக்கோள்களின் பதிவில் அந்த நிழலும் இருந்தது. பின்னர் ஆய்வாளர்கள் கணினியில் சுனாமியை ஓட்டிப் பார்த்து, அது வானத்தில் உண்டாக்கியிருக்க வேண்டிய அசைவையும் பதிவில் இருந்ததையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

இது ஏன் முக்கியம்?

ஏனென்றால் ஒரு நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்று உடனே சொல்வது சுலபமில்லை. 2004-ல் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் 15 நிமிடத்தில் சொன்ன அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து அது 8.5 ஆனது. 9-ஐ நெருங்கும் நிலநடுக்கம் என்று தெரியப் பல மணி நேரம் ஆனது. அதற்குள் நாகப்பட்டினத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 8.0-க்கும் 9.1-க்கும் நடுவே வெளிப்படும் ஆற்றலில் 40 மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள், கடற்கரைகள் காலி செய்யப்பட்டன, எச்சரிக்கை போனது. வந்த சுனாமியோ சிறியது. காரணம், அன்று கடலடி நிலம் பக்கவாட்டில் நகர்ந்தது, மேலே எழவில்லை. 'பெரிய நிலநடுக்கம்' என்றால் உடனே 'பெரிய சுனாமி' என்று அர்த்தம் இல்லை. நில அதிர்வுக் கருவி நிலநடுக்கத்தைச் சொல்லும். சுனாமி உண்மையில் கிளம்பிவிட்டதா என்பதற்கு ஆழ்கடலில் உள்ள அழுத்தமானிகளையும் கரையில் உள்ள அலைமானிகளையும் கேட்க வேண்டும். வானம் இந்த வரிசையில் இன்னொரு சாட்சி. அதுவும், மிதவை இல்லாத இடங்களுக்கும் சேர்த்துச் சொல்லக்கூடிய சாட்சி.

இதை நேரலையில் செய்து பார்க்கும் முயற்சி நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் நடக்கிறது. பெயர் கார்டியன். 2025 ஜூலை இறுதியில் ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்தில் 8.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, நிலநடுக்கம் வந்து 20 நிமிடங்களுக்குள் வானத்தின் அசைவை இந்த அமைப்பு கண்டுகொண்டது. ஹவாய் உள்ளிட்ட இடங்களை அலை தொடுவதற்கு 30 முதல் 40 நிமிடம் முன்பே, சுனாமி வருவதை அந்தத் தரவு உறுதிப்படுத்தியது. சிக்னலைத் தானாகக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுப் பகுதியை அதற்கு முந்தைய நாள்தான் சேர்த்திருந்தார்கள் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

அப்போ, நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகள் தடுக்கி விழுவது சரியாக இந்த இடத்தில்தான்.

இதுவரை சொன்னது எல்லாமே நிலநடுக்கத்துக்குப் பிறகு நடப்பவை. நிலம் முதலில் ஆடுகிறது, வானம் அதற்கு 8 நிமிடம் கழித்து ஆடுகிறது. சுனாமிக்கு முன்பே தெரிந்தது என்பதால், நிலநடுக்கத்துக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடாது.

முன்பே தெரியுமா என்று தேடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விளையாட்டுக்குத் தேடவில்லை. டோஹோகு நிலநடுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம் முன்பே அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் கூடின என்று ஜப்பானின் கோசுகே ஹெக்கி 2011-ல் எழுதினார். வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு எலெக்ட்ரான்கள் குறைந்துபோனதால்தான், முன்பு அதிகமாக இருந்ததுபோல் கணக்கில் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். விவாதம் ஓயவில்லை. பிரான்ஸ் 2004-ல் டெமெட்டர் என்ற செயற்கைக்கோளையும், சீனா 2018-ல் சாங்ஹெங்-1 என்ற செயற்கைக்கோளையும் இதற்காகவே அனுப்பின. இதுவரை அவற்றை நம்பி ஒரு ஊரைக்கூடக் காலி செய்யச் சொல்லும் நிலை வரவில்லை.

இன்னொரு ஃபார்வர்டு இதைவிடப் பிரபலம்: 'அலாஸ்காவில் உள்ள ஹார்ப் நிலையம் அயனி மண்டலத்தைச் சூடாக்கி நிலநடுக்கத்தை உண்டாக்குகிறது.' 2023-ல் துருக்கி நிலநடுக்கத்தின்போது இது உலகம் முழுக்கச் சுற்றியது. ஹார்ப் உண்மையான ஆய்வு நிலையம்தான், இப்போது அலாஸ்கா பல்கலைக்கழகம் நடத்துகிறது. அதன் வானொலி ஒலிபரப்பியின் திறன் 3.6 மெகாவாட். துருக்கியில் வந்ததுபோல 7.8 அளவு நிலநடுக்கம் அதிர்வலைகளாக வெளியிடும் ஆற்றலை ஈடுகட்ட, அந்த நிலையம் முழுத் திறனில் ஒரு நொடிகூட நிற்காமல் 250 ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். அந்த ஆற்றல் பாறைக்குள் இறங்கவும் வழி இல்லை. நிலத்திலிருந்து வானத்துக்குப் போகும்போது அசைவு பெருகுவதற்குக் காரணம் மேலே காற்று மெலிவது. திரும்பி வரும் வழியில் அதே காரணம் அதைச் சுருக்கிவிடும். காலி பஸ்ஸில் விழுந்தவர் நெரிசல் பஸ்ஸைத் தள்ள முடியாது.

தமிழகத்துக்கு இது எவ்வளவு உதவும்?

நேர்மையாகச் சொன்னால், இடத்தைப் பொறுத்தது. நிகோபார் தீவுகளுக்கு இது அனேகமாக உதவாது. அங்கே 2004-ல் நிலநடுக்கம் நின்ற சில நிமிடங்களிலேயே கடல் வந்துவிட்டது. ஒலி வானத்தை எட்டவே 8 நிமிடம் என்னும்போது, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. கால் நடுங்கினால் மேட்டுக்கு ஓடுவது மட்டுமே வழி. தமிழகக் கரைக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அதில் முதல் அரை மணி நேரத்தில் வரும் ஒரு உறுதியான தகவலுக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் சிக்கல்கள் நம் வானத்திலேயே இருக்கின்றன. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், பொழுது சாய்ந்தபின் நம் அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான் குறைந்த ராட்சதக் குமிழிகள் கிளம்பும். அவை ஜிபிஎஸ் சிக்னலை அலைக்கழிக்கும் நேரத்தில் சின்னச் சின்ன அசைவுகளைப் பிரித்தெடுப்பது கடினம். 2004-ல் நிலநடுக்கம் வந்தது அதிகாலை, வானம் அமைதியாக இருந்த நேரம். இரவு 9 மணிக்கு வந்திருந்தால் பதிவு இவ்வளவு தெளிவாக இருந்திருக்குமா என்பது சந்தேகம். சூரியப் புயல்கள் வேறு. 2024 மே மாதம் வந்த புயல் லடாக்கின் ஹான்லே வரை வானத்தைச் சிவப்பாக்கியது நினைவிருக்கலாம். ராக்கெட் ஏவினாலும் வானம் அசையும், எரிமலை வெடித்தாலும் அசையும். 2022 ஜனவரியில் டோங்கா எரிமலை வெடித்தபோது அதன் அழுத்த அலை உலகத்தையே சுற்றிவந்தது. இத்தனை சத்தத்துக்கு நடுவே ஒரு குரலை அடையாளம் காண வேண்டும்.

நமக்குச் சாதகமானதும் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் அவை காட்டும் வானத்தின் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தியாவின் நாவிக் அமைப்பில் சில செயற்கைக்கோள்கள் புவிநிலைச் சுற்றுப்பாதையில், வானத்தில் ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்பவை. வங்கக் கடலின் மேலே ஒரே புள்ளியை நாள் முழுக்கக் கண் இமைக்காமல் பார்க்க அவை வசதி.

இதையெல்லாம் படித்துவிட்டு, 2004-ல் ஜிபிஎஸ் தரவை யாராவது பார்த்திருந்தால் எல்லோரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மைதான். அன்று நிலநடுக்கம் வந்த செய்தியே உலக நில அதிர்வு மையங்களுக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மாமல்லபுரத்து மீனவர் குப்பத்துக்கோ கல்பாக்கம் குடியிருப்புக்கோ கொண்டுசேர்க்கும் வழிதான் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் தொடங்கியது. இன்று அது பெரிய நிலநடுக்கம் வந்த 10 நிமிடங்களுக்குள் முதல் அறிவிப்பை வெளியிடும் திறனோடு இருக்கிறது. வானத்தின் சாட்சியம் சேர்ந்தால் அந்த அறிவிப்பை உறுதிப்படுத்தவோ திரும்பப் பெறவோ முடியும். அதற்குக் கரையோரமும் அந்தமானிலும் நெருக்கமாக ஜிபிஎஸ் நிலையங்கள் வேண்டும், அவற்றின் தரவு நொடிக்கு நொடி வந்து சேர வேண்டும், அதைப் படிக்கும் கணினி தூங்காமல் இருக்க வேண்டும்.

நெருக்கமாக என்றால் எவ்வளவு? இதற்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் கூகுள் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் சுமார் 4 கோடி ஆண்ட்ராய்டு போன்களின் இரட்டை அலைவரிசை சிக்னல்களைச் சேர்த்து அயனி மண்டலத்தின் வரைபடத்தைப் போட்டிருந்தார்கள். ஒரு போனின் அளவீடு மட்டமானதுதான், நட்டுவைத்த நிலையத்தோடு போட்டி போட முடியாது. லட்சக்கணக்கில் சேர்ந்தால் படம் தெளிகிறது. இந்தியாவின் மேலே இரவில் கிளம்பும் குமிழிகள்கூட அதில் தெரிந்தன. நிலநடுக்கம் உண்டாக்கும் ஒன்றிரண்டு யூனிட் அசைவைப் போன்கள் நேரலையில் பிடிக்குமா என்பது அடுத்த கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட் பஸ்ஸிலும், பிள்ளையார்பாளையத்தில் தறிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்திலும் இருக்கும் போன்களில் பல, இந்த நிமிடமும் அந்த இரண்டு அலைவரிசைகளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.